குமுத்பென் எடுத்த முகம்

எங்கள் டெலிவிஷன் நிலையத்தில் குமுத்பென் அமீன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் அவரோடு சண்டை போட்டேன். ஒலிப்பதிவு என் வேலை. மைக்கை எங்கே வைப்பது என்று ஒரு பெண் எனக்குச் சொல்லித் தருவதா என்று மூக்குக்கு மேல் கோபம். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"மஃபத்பாய், எருமை வாய்க்கிட்ட மைக்கை வெச்சா எருமை மெல்றதுதான் கேக்கும். இங்க பேசறது எருமையா, அந்தம்மாவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நாடாவைப் போட்டுக் கேட்டேன். எருமைதான் நன்றாகப் பேசியிருந்தது. அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் அவரோடு வேலை பார்த்தேன். அதில் பதினேழு வருஷம் சண்டைதான்.

குமுத்பென் (பென் என்றால் எங்கள் குஜராத்தியில் சகோதரி) பெட்லாத்தில் பிறந்தவர். அப்பா ராவ்ஜிபாய் அங்கே போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அந்த ஊருக்கு மருமகளாக வந்தவர்கள், மாமனார் முறை உள்ள அவர் முன்னால் முக்காட்டை எடுக்க மாட்டார்கள். அதனால் பெண்களைப் படம் எடுக்க வேண்டிய நாட்களில் ராவ்ஜிபாய் தெருவில் போய் நின்றுகொள்வார். பதின்மூன்று வயது மகள் உள்ளே படம் எடுப்பாள். அந்தப் பழக்கம் அவரைப் பூனாவில் இருந்த சினிமாப் பள்ளி வரைக்கும் கொண்டுபோய் விட்டது. அவர் வகுப்பில் இரண்டே பெண்கள். படிப்பை முடித்துப் பம்பாய்க்குப் போனால், பெண்ணுக்குக் காமிரா எதற்கு, ஒட்டும் வேலை இருக்கிறது பார் என்று எடிட்டிங் அறையில் தள்ளிவிட்டார்கள். ஐந்து வருஷம் மற்றவர் எடுத்த படங்களை வெட்டி ஒட்டினார். கிராமத்துக்கென்று டெலிவிஷன் வருகிறது, ஆள் தேவை என்று அகமதாபாத்தில் விளம்பரம் வந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "நேரம் வரட்டும், சொல்றேன்" என்பார். கடைசி வரை சொல்லவில்லை.

பின்னாளில் அவர் பதினொரு தொடர்கள் எடுத்தார், டில்லியில் மேடை ஏறினார், பெயருக்கு முன்னால் முன்னோடி என்று போட்டுக்கொள்ளும் அளவுக்கு வந்தார். அதெல்லாம் பத்திரிகைகளில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது முதல் தொடரைப் பற்றி. எழுபத்தாறாம் வருஷம், போரசண் கிராமம்.

அப்போது எங்கள் மாவட்டத்துக் கிராமங்களில் பால் சொசைட்டிக் கட்டடத்தில்தான் டெலிவிஷன் இருக்கும். மரப்பெட்டிக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி, சாவி செக்ரடரி இடுப்பில். சாயங்காலம் பால் ஊற்ற வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்து பார்ப்பார்கள். செவ்வாய்க்கிழமை விவசாயம், அது ஆண்களுக்கு. வியாழக்கிழமை பெண்களுக்கு. மாமனார் முறை உள்ளவர்கள் வந்து உட்கார்ந்தால் மருமகள்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள் என்பதால், பெரியவர்கள் யாரும் வியாழக்கிழமை அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள்.

எருமையைக் குளிப்பாட்டுவது, தீனி போடுவது, கறப்பது எல்லாம் பெண்கள்; சொசைட்டியில் பணம் வாங்கும் பால் புத்தகம் மட்டும் ஆண் பெயரில். புத்தகத்தைத் தன் பெயருக்குக் கேட்கும் ஒரு மருமகளின் கதையைப் பதின்மூன்று வாரத் தொடராக எடுக்க வேண்டும், கிராமத்து ஆட்களையே நடிக்கவைக்க வேண்டும் என்று குமுத்பென் நிலையத் தலைவர் பண்ட்யா சாஹேபிடம் கேட்டார். பண்ட்யா சாஹேப் கெட்டவர் இல்லை. எண்களை நம்புகிறவர்.

"பதிமூணு வாரம் தர்றேன். ஆராய்ச்சிப் பிரிவிலேருந்து ஆள் வந்து எண்ணுவார். பதிமூணாவது வாரம் பொம்பளைங்க பார்க்கறாங்கன்னு எண்ணிக்கை வந்தா, வியாழக்கிழமை முழுசும் உனக்கு. தனி ஜீப், தனி ஆளுங்க. இல்லேன்னா அந்த நேரம் உரத்தைப் பத்தின நிகழ்ச்சிக்குப் போயிடும். நீ பழையபடி எடிட்டிங் அறைக்கு."

"சரி சாஹேப்" என்றார் குமுத்பென். வெளியே வந்ததும் என்னிடம், "மஃபத்பாய், அந்த அறைக்கு இன்னொரு தடவை நான் போனா திரும்பி வரமாட்டேன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

மருமகளாக நடிக்கப் போரசணிலேயே பிறந்து, கணவன் செத்துத் திரும்பி வந்திருந்த கோமதி கிடைத்தாள். பிறந்த ஊரில் பெண்ணுக்கு முக்காடு கிடையாது. மாமனாராக நடிக்க, ஊரே காகா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடும் ஷனாகாகா. அறுபத்தைந்து வயது, புகையிலை விவசாயி, நீள மூக்கு, வலது புருவத்தில் ஒரு தழும்பு, சிரித்தால் முகம் முழுக்கச் சிரிக்கும். குமுத்பென் அந்த முகத்தைப் பார்த்ததும் வேறு யாரையும் தேடவில்லை. ஷனாகாகாவுக்கும் தலைகால் புரியவில்லை. ஐந்து ஊரில் உள்ள சம்பந்திகளுக்கெல்லாம் சொல்லியனுப்பிவிட்டார்.

முதல் வியாழக்கிழமை நானும் குமுத்பென்னும் போரசணில் உட்கார்ந்திருந்தோம். கதவோரம் ஆராய்ச்சிப் பிரிவின் கிரீட் வைத்யா படிவத்தோடு. அவரும் நானும் வெளியூர், யாருக்கும் மாமனார் முறை இல்லை; எங்களுக்காக யாரும் முக்காடு போடவில்லை. படிவத்தில் இரண்டே கட்டம்: பார்த்தார், பார்க்கவில்லை. நடுவில் முகத்தை மூடினாலும் திருப்பினாலும் பார்க்கவில்லை என்றுதான் கணக்கு. நாற்பத்தோரு பெண்கள். தொடர் ஆரம்பித்தது. கோமதி வந்தாள், எல்லாரும் குதூகலித்தார்கள். அடுத்து ஷனாகாகா, வீட்டுக்குள் நுழையும் எந்த மாமனாரும் செய்வதுபோல, ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு உள்ளே வந்தார்.

நாற்பத்தோரு கைகள் தலைக்குப் போயின. முக்காடுகள் மார்பு வரை இறங்கின. முன்வரிசை மொத்தமும் டெலிவிஷனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தது, அதைப் பார்த்துப் பின்வரிசையும் திரும்பியது. அரை மணி நேரமும் அப்படியே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வசனத்துக்குச் சிரிக்க வேண்டிய இடத்தில் சுவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒலி நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கிரீட் எழுதினார்: வந்தவர் நாற்பத்தொன்று, பார்த்தவர் பூஜ்யம்.

விஷயம் இவ்வளவுதான். போரசண் மருமகள்களில் பாதிப் பேருக்கு ஷனாகாகா மாமனார் முறை. மீதிப் பேருக்குக் கணவனின் அண்ணன் முறை, அதற்கும் முக்காடு உண்டு. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் பக்கத்து ஊர்களிலும் அதே உறவு. வியாழக்கிழமை அறைக்குள் ஒரு கிழவன் வரக் கூடாது என்று ஊரே கட்டுப்பாடாக இருக்க, நாங்கள் போய் ஒரு கிழவரைப் பெட்டிக்குள் உட்காரவைத்துக் கொண்டுவந்திருக்கிறோம்.

ஜீப்பில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "பெட்லாத்துல பிறந்த உங்களுக்கு இது தோணலையா? என்னமோ லண்டன்லேருந்து இறங்கினாப்பல!"

"நடியாத்துல பிறந்த உங்களுக்குத் தோணிச்சா?" என்றார்.

எனக்கும் தோன்றவில்லை. அதை நான் அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

படிவத்துக்கு மூன்று நகல். ஒன்று பண்ட்யா சாஹேபுக்கு, ஒன்று கிரீட்டுக்கு, ஒன்று சொசைட்டிப் பலகையில் ஒட்ட. காலையில் பால் எடுத்தபின் செக்ரடரி ஒட்டுவார். ஆண்கள் படிப்பார்கள். ஷனாகாகா அதைப் படித்துவிட்டு வருத்தப்படுவார் என்று நினைத்தேன். மனிதர் மார்தட்டிக்கொண்டு நிற்கிறார்.

"பாத்தியாடா, பூஜ்யம்! நம்மூரு மருமகளுங்க பொட்டியில வந்தாக்கூட மரியாதை விடமாட்டாளுங்க. ஒருத்தியாவது தலை நிமிந்திருப்பாளா?"

முதல் மூன்று வாரமும் முன்பே எடுத்து முடித்தவை. மூன்று பூஜ்யம் வந்தது. பண்ட்யா சாஹேப் மூன்று தாளையும் மேசைமேல் வரிசையாக வைத்துக் காட்டினார், அவ்வளவே.

மூன்றாவது பூஜ்யத்துக்கு மறுநாள் குமுத்பென் என் அறையில் உட்கார்ந்து, சோம்பை மென்றுகொண்டே, ஷனாகாகா வரும் இடங்களின் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். கனைப்பு. உடனே கோமதியின் வளையல் சத்தம், தலைப்பை இழுக்கிற சத்தம். பிறகு செருப்புச் சத்தம், தடி தரையில் படும் சத்தம்.

"மஃபத்பாய், ஒரு மருமகளுக்கு மாமனார்னா என்ன?"

"என்னைக் கேட்டா? எனக்கென்ன மாமனார் முன்னால முக்காடா?"

"ஒரு கனைப்பு, ஒரு செருப்பு, ஒரு தடி. அவ்வளவுதான் அவ பார்க்கறா. அவ பார்க்கறதைத்தானே நாம எடுக்கணும்? நாம பார்க்கறதை எடுத்துட்டோம்."

நாலாவது வாரத்திலிருந்து காமிராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். லென்ஸுக்கு முன்னால் மெல்லிய சேலைத் தலைப்பு ஒன்று தொங்கும். படத்தின் மேல்பாதி முழுவதும் துணி. கீழ்ப்பாதியில் தரை, எருமைத் தொட்டி, ஷனாகாகாவின் கால்கள். காமிராக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். இந்த மாதிரி அதுவரை யாரும் எங்கேயும் எடுத்து நான் பார்த்ததில்லை. ஷனாகாகாவிடம் யார் சொல்வது என்றுதான் பிரச்சினை. குமுத்பென்னே போய்ச் சொன்னார்.

"வெறும் காலா? அதுக்கு நான் எதுக்கு? போற வர்றவன் எவன் காலையாவது எடுத்துக்க."

"உங்க நடை யாருக்கும் வராது காகா. நீங்க நடந்து வந்தா வீடே அடங்குது."

"மூஞ்சி?"

"மூஞ்சி இல்ல காகா."

"அஞ்சு ஊருக்குச் சொல்லி வெச்சிருக்கேன் பொண்ணே" என்றார். குரல் இறங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, "அப்ப புதுச் செருப்பு வாங்கிக்கவா?" என்று கேட்டார். பழையதே போதும் என்று சொல்லி ஒருவழியாகச் சம்மதிக்கவைத்தோம்.

நாலாவது வியாழக்கிழமை கனைப்புக் கேட்டது. கைகள் பழக்கத்தில் தலைக்குப் போயின. திரையில் செருப்பு மட்டும்தான். கைகள் பாதியில் நின்றன. யாரோ ஒருத்தி, "ஐயோ, இது நம்ம கண்ணுடி!" என்றாள். ஒருத்திகூடத் திரும்பி உட்காரவில்லை. கிரீட் எழுதினார்: நாற்பத்து மூன்று, நாற்பத்து மூன்று. ஏழாவது வாரம் உட்கார இடமில்லை. ஒன்பதாவது வாரம் பண்ட்யா சாஹேபே குமுத்பென்னுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். இன்னும் நாலு வாரம் இப்படியே ஓட்டினால் வியாழக்கிழமை எங்களுக்கு. ஜீப்புக்கு என்ன நிறம் என்பது வரைக்கும் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

பதினோராவது வாரம், போரசணில் பன்னிரண்டாவது வாரத்துக்கான படப்பிடிப்பு முடித்துப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தோம். ஷனாகாகா வயலுக்குப் போயிருந்தார். அவருடைய சொந்த மருமகள் திவாளி, முப்பத்தைந்து வயது இருக்கும், முக்காட்டை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குமுத்பென் பக்கத்தில் வந்து நின்றாள். அதுவரை எங்களோடு ஒரு வார்த்தை பேசியவளில்லை.

"பென், ஒண்ணு கேக்கட்டா? எங்க மாமா மூஞ்சிய ஏன் எடுத்துட்டீங்க?"

"நீங்கதான் பார்க்கலையே. முதுகைக் காட்டி உக்காந்தீங்களே எல்லாரும்."

"எல்லாரும் உக்காந்தா நானும்தானே உக்காரணும். முதல் வாரம் தலைப்பு ஓரமா ஒரு தடவை திரும்பிப் பாத்தேன். ஒரே தடவை." அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "இந்த வீட்டுக்கு வந்து இருபது வருஷம் ஆச்சு. அவரு சாப்பிட்ட தட்டைக் கழுவியிருக்கேன், காய்ச்சல்ல கஞ்சி வெச்சுக் குடுத்திருக்கேன், ஒருநாளும் மூஞ்சிய நேரா பாத்ததில்ல. அன்னிக்குத்தான் பாத்தேன். அடுத்தடுத்த வாரம் தைரியமா பாக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வெறும் காலைக் காட்டறீங்க. காலுதான் எனக்கு வீட்டுலயே இருக்கே."

குமுத்பென் திவாளி போன பிறகும் கையில் இருந்த வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஜீப்பில் பாதி வழி வந்ததும் சொன்னார்.

"கடைசி வாரம் காகா முகத்தை வைக்கப்போறேன்."

"புத்தி பேதலிச்சுப்போச்சா? கடைசி வாரம்தான் கணக்கு! முகம் வந்தா முக்காடு வரும், முக்காடு வந்தா பூஜ்யம் வரும். வேணும்னா வேற ஏதாவது வாரம் வையுங்க."

"இன்னும் ஒரு வாரம்தான் எடுக்கணும் மஃபத்பாய். வேற வாரம் எது?"

"அப்ப வைக்காதீங்க!"

"நான் பெட்லாத்துல கத்துக்கிட்டது மூஞ்சிய எடுக்கத்தான். ஒருத்தி வாய் திறந்து கேட்டுட்டா. எண்ணிக்கையைப் பத்தி கிரீட்கிட்ட பேசிப் பாக்கறேன்" என்றார். அதற்குமேல் அவரோடு பேசிப் பிரயோஜனமில்லை.

அந்தக் காட்சியை இப்போதும் கண்ணால் பார்க்கிறேன். ஷனாகாகா முற்றத்தில் தனியாக எருமைக் கன்றுக்குத் தீனி வைக்கிறார். காமிரா, மருமகள் நிற்கும் இடத்தில், தானியக் குதிருக்குப் பின்னால். யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கன்று அவர் வேட்டி முனையைக் கவ்விச் சப்புகிறது. அவர் இழுக்கிறார், அது விடவில்லை. ஷனாகாகா சிரிக்கிறார். வசனம் கிடையாது. ஒரு நிமிஷம் முழுக்க அந்த முகம்தான்.

பதின்மூன்றாவது வியாழக்கிழமை நாற்பத்தேழு பெண்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் வந்ததும் நாற்பத்தேழு முக்காடுகளும் இறங்கின. இந்தத் தடவை ஒருத்தியும் திரும்பி உட்காரவில்லை. மெல்லிய துணி. துணிக்குப் பின்னால் தலைகள் அசையாமல் நேராக இருந்தன. அந்த ஒரு நிமிஷம் குழந்தைகளைக்கூட யாரும் அதட்டவில்லை.

கிரீட் எழுதியதை எட்டிப் பார்த்தேன். பூஜ்யம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். குமுத்பென் தடுத்துவிட்டு அவரிடம் கேட்டார்.

"துணி வழியாப் பார்த்தாங்க கிரீட்பாய். உங்களுக்கே தெரியுது."

"கண்ணு தெரிஞ்சாத்தான் பார்த்தார்னு எழுதலாம் பென். முதல் மூணு வாரம் முக்காட்டுக்குப் பூஜ்யம்னு எழுதினது நான்தான். இன்னிக்கு மட்டும் எப்படி மாத்தறது? எவளாவது ஒருத்தி பார்த்தேன்னு வாயால சொன்னா எழுதறேன்."

அந்த இடத்தில் எவள் சொல்வாள்? செக்ரடரி சாவியோடு நின்றுகொண்டிருந்தார். அவருமே பாதிப் பேருக்குக் கொழுந்தன் முறை; அவர் காதில் விழுந்தால் வீட்டுக்குப் போய்விடும்.

இருட்டிவிட்டதால் சொசைட்டியிலேயே படுத்தோம். ரோட்லா என்கிற கம்பு ரொட்டியும் மிளகாய்த் துவையலும் கொடுத்தார்கள். குமுத்பென் நன்றாகச் சாப்பிட்டார். எனக்குத்தான் இறங்கவில்லை. எடிட்டிங் அறைக்குப் போவது அவர், பசி போனது எனக்கு.

காலையில் பால் வரிசை. செக்ரடரி உள்ளே பால் அளந்துகொண்டிருந்தார்; படிவத்தை இன்னும் ஒட்டவில்லை. நாங்கள் மூவரும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் பாத்திரத்தோடு நின்ற பெண்கள் எங்களைக் கவனிக்கவில்லை.

"புருவத்துல தழும்பு பாத்தியாடி? வலது பக்கம்."

"அது சின்ன வயசுல மாடு முட்டினதாம், எங்க மாமியார் சொல்லுவா. நான் நம்பினதில்ல."

"மூக்கு எம்மாம் நீளம்! எங்க வீட்டுக்காரருக்கு அந்த மூக்கு வராம சாமி காப்பாத்திச்சு."

சிரித்தார்கள். பிறகு திவாளியின் குரல். "என் மூத்தவன் சிரிச்சா கண்ணு ரெண்டும் மூடிக்கும். எங்க வீட்டுலயும் இல்ல, அவங்கப்பாவுக்கும் இல்ல, எங்கேருந்துடா வந்துச்சுன்னு இத்தனை வருஷமா யோசிப்பேன். நேத்துதான் தெரிஞ்சுது."

கிரீட் டீயைக் கீழே வைத்துவிட்டார். பையிலிருந்து மூன்று நகலையும் எடுத்து, பேனா மூடியைத் திருகினார்.

"பென், வாயாலயே சொல்றாங்க. மாத்திடறேன். நாப்பத்தேழு."

நான் ஜீப்பே வந்துவிட்டதுபோல நிமிர்ந்து நின்றேன். குமுத்பென் படிவத்தின்மேல் கையை வைத்து மூடினார்.

"ஒண்ணு பலகைக்குப் போகுமே."

"போகும். மூணும் ஒண்ணுபோல இருக்கணும், அது விதி."

"ஷனாகாகா படிப்பார். ஊரே படிக்கும். அவர் முகத்தை நாப்பத்தேழு மருமகளுங்களும் பார்த்தாங்கன்னு. அடுத்த வியாழக்கிழமை இவங்கள்ல ஒருத்தியையாவது வாசப்படி தாண்ட விடுவாங்களா?"

கிரீட் என்னைப் பார்த்தார். விடமாட்டார்கள் என்று தலையை ஆட்டினேன். நாங்கள் இருவருமே இந்த மாவட்டத்தில் பிறந்தவர்கள்தான்.

"நேத்து எழுதினதே இருக்கட்டும்" என்றார் குமுத்பென்.

பூஜ்யத்தைப் பலகையில் ஒட்டினார்கள். ஷனாகாகா வந்து படித்துவிட்டு, முகத்தைக் காட்டியும் பூஜ்யம்தான் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனார். அந்த வாரமே தொடரை நிறுத்தினார்கள். குமுத்பென் எடிட்டிங் அறைக்குப் போனார், இரண்டு வருஷம் எட்டு மாதம் அங்கே இருந்தார். அந்த நாற்பத்தேழு பெண்களும் அடுத்த வியாழக்கிழமை சொசைட்டிக்கு வந்து, முக்காட்டை ஏற்றிவிட்டுக்கொண்டு, உரத்தைப் பற்றிய நிகழ்ச்சியை முழுவதும் பார்த்தார்கள்.